உள்ளங்கைக் கணினியில் வலையமைப்புப் பாதுகாப்புச் சோதனையைக் கற்பது எப்படி

வலையமைப்புப் பாதுகாப்பைக் கற்க விரும்பும் பலர் முதல் நாளே பாதுகாப்புச் சோதனைக்கான இயங்குதளமான காளி லினக்ஸை நிறுவி, அதிலுள்ள கருவிகளின் நீண்ட பட்டியலைப் பார்த்து மலைத்து, ஒன்றிரண்டை ஓட்டிப் பார்த்து, திரையில் வந்தது எதுவும் புரியாமல் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். தன் வீட்டு ரூட்டரின் பின்னால் எத்தனை சாதனங்கள் இருக்கின்றன, அவை எந்தெந்தக் கதவுகளைத் திறந்து வைத்திருக்கின்றன, ஒரு பாக்கெட் (வலையமைப்பில் செல்லும் தரவுத் துண்டு) இங்கிருந்து அங்கே போய்த் திரும்புவதற்குள் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் பார்க்கத் தெரிவதற்கு முன்பே உடைக்கக் கற்க முனைவதுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி பார்ப்பதைப் பற்றியது. உடைப்பது ஒரே ஓர் இடத்தில், அதுவும் உடைபடுவதற்கென்றே செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தில் மட்டும் வரும்.

இந்தப் பயிற்சிக்கு ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி மிகவும் பொருத்தமானது. 2012இல் முதல் மாதிரி வெளிவந்தபோது மாணவர்கள் நிரல் எழுதப் பழகுவதற்காகவே அது உருவாக்கப்பட்டது. அந்தக் குணம் இன்றும் அதில் இருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் இருக்கும் மடிக்கணினியில் பரிசோதனைகளைச் செய்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. எதையாவது கெடுத்துவிட்டால், மெமரி கார்டில் மீண்டும் ஒருமுறை எழுதிச் செருகினால் புதுக் கணினி கிடைத்துவிடும். அதன் வேகக் குறைவைப் பலர் குறையாகச் சொல்வார்கள். ஒரு ஸ்கேன் ஓடி முடியக் காத்திருக்கும் நேரத்தில் அது என்ன செய்கிறது என்று வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு அந்த வேகக் குறைவால்தான் வந்தது.

கருவிக்கு முன் அனுமதி

உங்களுக்குச் சொந்தமில்லாத கணினியை அதன் உரிமையாளரின் அனுமதியின்றி அணுகுவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். அமெரிக்கா 1986இலும் பிரிட்டன் 1990இலும் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றின. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இலும் இலங்கையின் கணினிக் குற்றச் சட்டம் 2007இலும் வந்தன. கற்றுக்கொள்வதற்காகத்தான் செய்தேன், எதையும் அழிக்கவில்லை என்று பின்னால் சொல்வதை நம்பி இதில் இறங்கக் கூடாது.

உங்கள் சொந்த வீட்டு வலையமைப்பு என்றால்கூட, அதே வீட்டில் அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வேறொருவருடையது என்றால் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். எந்த முகவரிகளைச் சோதிக்கலாம், எந்த நாளில் எந்த நேரத்துக்குள், எவற்றைத் தொடக்கூடாது, ஏதாவது நின்றுபோனால் யாரை அழைப்பது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. அனுமதி தருகிறவர் உண்மையில் அதைத் தரும் உரிமை உள்ளவர்தானா என்பதைத்தான் கற்பவர்கள் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

நானும் அதைக் கேட்க மறந்திருக்கிறேன். கற்கத் தொடங்கிய காலத்தில் நண்பர் ஒருவரின் சிறிய அலுவலகத்தில், அவர் வாய்மொழியாகச் சொன்ன சம்மதத்தை வைத்துக்கொண்டு, முழு வலையமைப்பையும், அதிலுள்ள சாதனங்களைத் தேடிக் காட்டும் என்மேப் என்ற கருவி கொண்டு ஸ்கேன் செய்தேன். சேவைகளின் பதிப்பைக் கண்டறியும்போது என்மேப் 9100 முதல் 9107 வரையிலான போர்ட்டுகளை (ஒரு கணினியின் எண்ணிட்ட வலையமைப்புக் கதவுகளை) இயல்பாகவே விட்டுவிடும்; பல பிரிண்டர்கள் 9100ஆம் போர்ட்டில் வந்து சேர்வது எதுவானாலும் அச்சிட வேண்டிய ஆவணம் என்றே எடுத்துக்கொள்ளும் என்பதே அதற்குக் காரணம். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆர்வத்தில் அந்த விலக்கை நீக்கும் விருப்பத்தை நானே சேர்த்திருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்த வேறொரு அலுவலகத்தின் பிரிண்டர், பக்கத்துக்கு ஓரிரு வரியாகப் புரியாத எழுத்துகளை, தட்டிலிருந்த தாள் தீரும்வரை அச்சிட்டுத் தள்ளியது. இரண்டு அலுவலகங்களும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொண்டிருந்தது நண்பருக்கே தெரியாது. அவர் தந்த சம்மதம் அந்தப் பிரிண்டருக்குச் செல்லாது என்பதை அங்கே நின்று மன்னிப்புக் கேட்டபோது உணர்ந்தேன். அதன் பிறகு முகவரிகளின் பட்டியல் எழுத்தில் இல்லாமல் ஒரு கட்டளையைக்கூட நான் அடித்ததில்லை.

என்னென்ன வேண்டும்

4 ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5 போதும். ஸீரோ 2 டபிள்யூ சட்டைப் பையில் அடங்கும் அளவுக்குச் சிறியது. ஆனால் அதில் 512 எம்பி நினைவகம்தான் உண்டு, வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். தொடக்கப் பயிற்சிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இதோடு 32 ஜிபி மெமரி கார்டு இரண்டு, ஈதர்நெட் கேபிள் இரண்டு, பயன்படாமல் கிடக்கும் பழைய ரூட்டர் ஒன்று, இலக்காக வைத்துக்கொள்ள ஒரு பழைய மடிக்கணினி ஆகியவை தேவை.

மின்சாரத்தில் கவனக்குறைவு வேண்டாம். பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் சார்ஜரும், பை 5க்கு 5 ஆம்பியர் தருவதும் வேண்டும். கையில் கிடைக்கும் செல்பேசி சார்ஜரை மாட்டினால் கணினி தொடங்கிவிடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவும் தோன்றும். ஆனால் வேலை கூடும்போது மின்னழுத்தம் இறங்கி, திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும். அந்த நிலையில் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், யூஎஸ்பியில் மாட்டிய அடாப்டர் அறுந்து அறுந்து இணையும், ஸ்கேனில் இருக்க வேண்டிய சாதனங்கள் விடுபடும். தவறு வலையமைப்பில் இருக்கிறதென்று எண்ணி அங்கே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு சிறு விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. பை 4இல் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. பை 5இல் கடிகாரம் உண்டென்றாலும் அதற்கான மின்கலத்தைத் தனியாக மாட்ட வேண்டும். இணையத்தோடு இணைந்திருக்கும்போது கணினி நேரத்தை அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். இணையம் துண்டிக்கப்பட்ட பயிற்சிக் கூடத்தில் அது கடைசியாக அணைக்கப்பட்ட நேரத்தையொட்டியே மீண்டும் எண்ணத் தொடங்கும். பதிவுகளில் உள்ள நேரம் தவறாக இருந்தால், எந்தச் சோதனையின்போது எது நடந்தது என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் நேரத்தைக் கையால் திருத்துங்கள்.

நிறுவுதல்

டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட காளி லினக்ஸ் 2013இல் வெளிவந்தது; அதற்கு முன்பிருந்த பேக்ட்ராக்கின் வாரிசு அது. ராஸ்பெர்ரி பைக்கான 64 பிட் பதிப்பை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். கோப்பு இறங்கியதும் அதன் ஷா 256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, தளத்தில் கொடுத்துள்ள மதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலானோர் தாண்டிச் செல்லும் படி இது. இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் உங்கள் கண்முன்னாலேயே நிகழும்.

ராஸ்பெர்ரி பை இமேஜர் கொண்டு கார்டில் எழுதிவிட்டுக் கணினியைத் தொடங்கினால், பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே ‘காளி’ என்பதன் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். உலகம் முழுவதும் தெரிந்த கடவுச்சொல் இது. ஆகவே முதல் வேலை அதை மாற்றுவது. பாதுகாப்பைச் சோதிக்க வைத்திருக்கும் கணினியே இயல்புக் கடவுச்சொல்லோடு வலையமைப்பில் நின்றால், அந்த வலையமைப்பின் மிகப் பலவீனமான சாதனம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு இணையத்தோடு இணைத்து எல்லா மென்பொருள்களையும் புதுப்பித்து, தேவையானவற்றை நிறுவி முடித்து, அந்த நிலையிலேயே இரண்டாவது கார்டிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் வரும் பயிற்சிகளில் பைக்கு இணையம் தேவைப்படாது.

மூடிய கூடம்

பழைய ரூட்டரை எடுத்து, இணையக் கேபிள் செருகும் துளையைக் காலியாக விட்டு, மற்றத் துளைகளில் ஒன்றில் பையையும் இன்னொன்றில் மடிக்கணினியையும் இணையுங்கள். அடுத்த பத்தியில் சொல்லும் மென்பொருள்களை மடிக்கணினியில் இறக்கிக்கொண்ட பிறகு அதன் வைஃபையை அணைத்துவிடுங்கள். ரூட்டரின் அமைப்பில் உள் முகவரிகளை 192.168.50 என்று தொடங்கும்படி மாற்றினால், வீட்டு வலையமைப்பின் முகவரிகளோடு குழம்பாமல் இருக்கும். ஒரு கட்டளையில் எண்ணைத் தவறாக அடித்தாலும் அது இந்தக் கூடத்தைத் தாண்டிப் போகாது என்ற உறுதியே கூடத்தை மூடி வைப்பதன் பயன்.

மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) நிறுவி, அதற்குள் மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2 என்ற மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டுங்கள். பயிற்சிக்கென்றே பலவீனமான பழைய சேவைகளை அடுக்கிவைத்த லினக்ஸ் கணினி அது. 512 எம்பி நினைவகம் ஒதுக்கினால் போதும். இன்டெல் வகைச் செயலிக்காகச் செய்யப்பட்டதால் நேரடியாகப் பையில் ஓடாது, அதனால்தான் மடிக்கணினி. அதன் வலையமைப்பு அமைப்பைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி ஈதர்நெட்டோடு இணைத்தால், கூடத்தில் அது தனிக் கணினியாகத் தோன்றும். எந்த நிலையிலும் அந்த இயந்திரத்தை இணையத்தோடு இணைக்காதீர்கள். மடிக்கணினி கிடைக்காதவர்கள் இன்னொரு பையில் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) வழியாக, ஓவாஸ்ப் என்ற வலைப்பாதுகாப்பு அமைப்பின் பயிற்சித் தளமான ஜூஸ் ஷாப்பை ஓட்டலாம். ஆனால் அது வலைச்செயலிகளுக்கான பயிற்சி, இங்கே சொல்லப்போகும் சோதனைகளுக்குப் பொருந்தாது.

பார்க்கக் கற்பது

முதல் பயிற்சியைக் கூடத்தில் செய்யாமல் உங்கள் வீட்டு வலையமைப்பிலேயே செய்யுங்கள், ஏனென்றால் வியப்பு அங்கேதான் காத்திருக்கிறது. கணினியைத் தொடுமுன் ஒரு தாளில் உங்கள் வீட்டில் இணைந்திருக்கும் சாதனங்கள் என்று நீங்கள் நம்புவதையெல்லாம் எழுதுங்கள். பிறகு என்மேப்பில் சாதனங்களை மட்டும் தேடும் விருப்பத்தைக் கொடுத்து ஓட்டுங்கள்: ஹைஃபன், அதையொட்டிச் சிறிய எஸ், சிறிய என், பிறகு உங்கள் முகவரித் தொகுதி (எடுத்துக்காட்டாக 192.168.1.0/24). நிர்வாகி உரிமையோடு ஓட்டினால், ஒரே உள்வலையமைப்பில் என்மேப் ஏஆர்பி என்ற முறையில் ஒவ்வொரு முகவரியிடமும் ‘இந்த முகவரி யாருடையது?’ என்று கேட்கும். பிங் கேள்விகளுக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்ட கணினிகூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் அதனால் வலையமைப்பில் பேசவே முடியாது.

கிடைத்த பட்டியலையும் தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நான் செய்தபோது ஏழு எழுதியிருந்தேன், பதினொன்று வந்தது. மேக் முகவரியின் (சாதனத்தின் வலையமைப்பு வன்பொருளுக்குரிய எண்) முதல் மூன்று பைட்டுகளிலிருந்து தயாரிப்பாளரை என்மேப் பெரும்பாலும் சொல்லிவிடும். ஆனால் இன்றைய செல்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை மேக் முகவரியைக் காட்டுவதால் அவற்றுக்குப் பெயர் வராது. அடையாளம் தெரியாத ஒவ்வொன்றையும், வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாவது, இன்னதென்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எனக்கு மிஞ்சிய நான்கில் ஒன்று, எப்போதோ வாங்கி மாட்டி மறந்துபோன ஒரு கேமரா. அதன் இயல்புக் கடவுச்சொல்லை நான் மாற்றியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் கொண்டுதான் 2016இல் மிராய் என்ற தீநிரல் பெரும்படை திரட்டியது. அது எந்த நுட்பமான ஓட்டையையும் தேடவில்லை. தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டு யாரும் மாற்றாமல் விட்ட பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளில் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றை, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் பழைய முறையான டெல்நெட் வழியாக ஒவ்வொன்றாக முயன்றது, அவ்வளவுதான். அந்தக் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றிய நாள்தான் இந்தக் கல்வி எனக்கு முதன்முதலாகப் பயன்பட்ட நாள் என்று சொல்வேன்.

இனிக் கூடத்துக்கு வாருங்கள். மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளின் முகவரி 192.168.50.20 என்று வைத்துக்கொள்வோம். பையில் முதலில், கடந்துபோகும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து ஈதர்நெட் இணைப்பைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, அதன் பிறகே என்மேப்பை ஓட்டுங்கள். இந்த வரிசைதான் முக்கியம். ஸ்கேனின் முடிவை மட்டும் வாசிப்பவருக்கு மூன்று சொற்கள் கிடைக்கும்: திறந்தது, மூடியது, வடிகட்டப்பட்டது. வயர்ஷார்க்கையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பது தெரியும். இணைப்பைத் தொடங்கலாமா என்று கேட்கும் ஒரு சின் பாக்கெட்டைப் பை அனுப்புகிறது. அந்தப் பக்கத்திலிருந்து சம்மதம் சொல்லும் சின்-ஆக் திரும்பினால் அங்கே ஒரு சேவை காத்திருக்கிறது. உடனே பை ஒரு ரீசெட் அனுப்பி, தொடங்கிய இணைப்பை முழுமையாவதற்குள் முறித்துக்கொள்கிறது. அந்தப் பக்கமே ரீசெட் அனுப்பினால் கதவு மூடியிருக்கிறது, ஆனால் வீட்டில் ஆள் உண்டு. எதுவுமே திரும்பாமல், பை மீண்டும் ஒருமுறை தட்டியும் மௌனமாகவே இருந்தால், இடையில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த மூன்று காட்சிகளையும் உங்கள் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்த ஸ்கேனரின் முடிவையும் கண்மூடி நம்ப மாட்டீர்கள்.

என்மேப் 1997இல் வெளிவந்தது. அதன் ஆவணங்கள் இன்றும் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பாடங்களில் சேரும். இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு பேசும் டிசிபி முறையில் 65,535 போர்ட்டுகள் இருக்க, நீங்கள் எதுவும் குறிப்பிடாதபோது அது அடிக்கடி பயன்படும் 1,000 போர்ட்டுகளை மட்டுமே பார்க்கிறது என்பதை மனத்தில் வையுங்கள். ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவெடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இணைப்பை ஏற்படுத்தாமலே பாக்கெட்டை அனுப்பும் யூடிபி முறை வேறு கதை. மூடிய யூடிபி போர்ட்டுக்கான மறுப்புச் செய்தியைப் பல லினக்ஸ் கணினிகள் நொடிக்கு ஒன்று என்ற அளவிலேயே தருவதால், அனைத்தையும் சோதிக்கப் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாகும். அதில் குறிப்பிட்ட சில போர்ட்டுகளோடு நிறுத்திக்கொள்வதே விவேகம். வேகத்துக்கு 0 முதல் 5 வரை படிகள் உண்டு. இயல்பான 3ஐ மாற்றாதீர்கள். வெளி இணையத்தில் ஸ்கேன் செய்து பழக வேண்டுமென்றால், என்மேப் திட்டத்தார் அதற்கென்றே ‘ஸ்கேன்மீ’ என்ற பெயரில் ஒரு சர்வரை வைத்து, அளவோடு சோதித்துப் பார்க்க எல்லோருக்கும் அனுமதி தந்திருக்கிறார்கள்.

ஒரு கடவுச்சொல் கடந்து போவதைப் பார்ப்பது

இந்தப் பயிற்சியை யாரும் தவிர்க்கக் கூடாது. வயர்ஷார்க் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பையிலிருந்து டெல்நெட் மூலம் மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளுக்குள் நுழையுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எம்எஸ்எஃப்அட்மின் என்பதே. உள்ளே போனதும் வெளியேறி, பதிவை நிறுத்தி, டெல்நெட் பாக்கெட்டுகளில் ஒன்றைத் தேர்ந்து, அந்த டிசிபி உரையாடல் முழுவதையும் தொடர்ந்து காட்டும் வசதியைத் திறங்கள்.

பயனர் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இரட்டையாக நிற்கும்: எம் எம், எஸ் எஸ், எஃப் எஃப் என்று. கடவுச்சொல்லின் எழுத்துகளோ ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வரும். நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக அந்தப் பக்கத்துக்குப் போகிறது. அந்தப் பக்கம் அதைத் திருப்பி அனுப்புவதால்தான் அது உங்கள் திரையில் தோன்றுகிறது. கடவுச்சொல்லை மட்டும் அது திருப்பி அனுப்புவதில்லை. திரையில் கடவுச்சொல் தெரியாததை நாம் பாதுகாப்பு என்று நம்பியிருக்கிறோம். கம்பியிலோ அது ஒளிவுமறைவில்லாமல் அப்படியே போயிருக்கிறது.

இப்போது அதையே, மறையாக்கத்தோடு தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் மூலம் செய்து பதிவைத் திறந்தால், தொடக்கத்தில் இரு பக்கமும் தம் பதிப்பைச் சொல்லிக்கொள்ளும் ஓரிரு வரிகளுக்குப் பிறகு மற்றதெல்லாம் குழம்பிய எழுத்துகளே. இலக்கு மிகப் பழையதாகையால், அன்றைய சாவி முறைகளை ஏற்கும்படி உங்கள் பக்கம் கூடுதலாக ஒரு விருப்பம் சேர்க்க வேண்டி வரலாம். எஸ்எஸ்எச் பிறந்ததே இந்தக் காட்சியிலிருந்துதான். 1995இல் தாம் பணிபுரிந்த பின்லாந்துப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து டாட்டு யிலோனன் அதை எழுதினார்.

பதிவைப் பையிலேயே எடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரூட்டருக்குள் இருக்கும் சுவிட்ச் ஒரு பாக்கெட்டை உரியவரின் துளைக்கு மட்டுமே அனுப்புவதால், மூன்றாவது கணினியிலிருந்து பார்த்தால் பிறர் பேசுவது இயல்பாகக் காதில் விழாது. அதை விழச் செய்யும் வழிகள் உண்டு. அவை மற்றவர்களின் இணைப்பை இடையில் முறிக்கக்கூடியவை. கூடத்துக்கு வெளியே அவற்றைத் தொடக்கூடாது.

ஒரே ஒரு கதவை உடைத்துப் பார்ப்பது

என்மேப்பில் ஹைஃபன், சிறிய எஸ், பெரிய வி என்ற விருப்பத்தைச் சேர்த்தால், திறந்த போர்ட்டுகளில் இருக்கும் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் கண்டுபிடிக்க முயலும். 21ஆம் போர்ட்டில் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்று வரும்; கோப்புகளைப் பரிமாறும் ஒரு சர்வர் மென்பொருள் அது. இந்தப் பதிப்பு எண்ணை, அறியப்பட்ட ஓட்டைகளைப் பட்டியலிடும் சிவிஇ தரவுத்தளத்தில் தேடினால் 2011-2523 என்ற பதிவு கிடைக்கும். அதன் வரலாறு இதுதான்: 2011 ஜூன் கடைசியில் யாரோ இந்த மென்பொருளின் பதிவிறக்கக் கோப்பை, பின்கதவு ஒன்றைச் சேர்த்த வேறு கோப்பாக மாற்றி வைத்துவிட்டார்கள். ஜூலை 3 அளவில் அது கண்டுபிடிக்கப்படும்வரை பதிவிறக்கியவர்களுக்கு அந்தக் கோப்பு கிடைத்தது. பயனர் பெயரின் முடிவில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்ந்த சிரிப்புமுகத்தை அடித்தால், அந்தக் கணினி 6200ஆம் போர்ட்டைத் திறந்து முழு அதிகாரமுள்ள டெர்மினலை யாருக்கும் தந்துவிடும்.

ஓட்டைகளைத் தானாகவே பயன்படுத்திப் பார்க்கும் கருவியான மெட்டாஸ்ப்ளாய்ட் இதை ஒரு கட்டளையில் முடித்துவிடும். ஆனால் முதல்முறை கையால் செய்யுங்கள். ஒரு டெர்மினலில் 21ஆம் போர்ட்டோடு இணைந்து சிரிப்புமுகத்தோடு ஒரு பெயரையும் ஏதாவதொரு கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் 6200ஐ ஸ்கேன் செய்து பாருங்கள். சற்று முன்வரை மூடியிருந்தது இப்போது திறந்திருக்கும். அதனோடு இணைந்து ‘நான் யார்’ என்று கேட்கும் கட்டளையை அடித்தால் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) என்று பதில் வரும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஓட்டை இருக்கிறது என்று நிரூபிக்க அந்த ஒரு சொல் போதும். தொழில்முறைச் சோதனையாளர்களும் அதற்கு மேல் துழாவுவதற்குத் தனி அனுமதி வாங்கியே செய்வார்கள்.

காளியைப் பதிவிறக்கியபோது ஷா 256 மதிப்பை ஒப்பிடச் சொன்னேன் அல்லவா? 2011இல் அந்தக் கோப்பை இறக்கியவர்களுக்கும் மென்பொருளின் ஆசிரியருடைய கையொப்பத்தைச் சரிபார்க்கும் வழி இருந்தது. சரிபார்த்திருந்தால் அது பொருந்தவில்லை என்பது உடனே தெரிந்திருக்கும்.

வைஃபை பற்றிச் சில வரிகள்

வைஃபைச் சோதனையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், வானொலி அலை சுவரோடு நிற்காது என்பதே. இணைந்திருக்கும் சாதனங்களைத் துண்டிக்கும் பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்க்கும் பயிற்சிகள் பரவலாகக் கற்பிக்கப்படுகின்றன. அக்கம்பக்கத்து வீடுகள் எட்டும் தூரத்தில் இருந்தால் அதை நான் செய்ய மாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன். அமைதியாகக் கேட்பதற்கு, சுற்றியுள்ள வைஃபைப் பாக்கெட்டுகளையெல்லாம் பெறும் மானிட்டர் முறை வேண்டும். பையின் உள்ளமைந்த சிப் இயல்பாக அதற்கு இடந்தராது. காளியில் அதற்கெனத் திருத்திய ஃபர்ம்வேர் (சிப்பின் உள் மென்பொருள்) கிடைத்தாலும், அந்த முறையை ஆதரிக்கும் யூஎஸ்பி அடாப்டர் இருந்தால் தொல்லை குறைவு. உங்கள் ரூட்டரில் டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறை இருந்தால், உங்கள் செல்பேசியின் வைஃபையை நீங்களே அணைத்துப் போட்டு அது இணையும் கைகுலுக்கலை, அதாவது இரு பக்கமும் ஒன்றையொன்று சரிபார்க்கும் தொடக்க உரையாடலைப் பதிவு செய்யலாம். அதை வைத்துக் கடவுச்சொல்லை ஊகிக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் 4,096 சுற்றுக் கணக்கு வேண்டியிருப்பதால் பையால் மிக மெதுவாகவே முயல முடியும். இருந்தும் அகராதிச் சொல்லொன்று விழுந்துவிடுமானால், உங்கள் கடவுச்சொல்லைப் பற்றி வேறு சாட்சி தேவையில்லை. நீளமான கடவுச்சொல்லுக்கு மாறுங்கள். இயன்றால் 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3க்கும்.

எழுதுவது

கண்டுபிடித்ததை இன்னொருவர் சரிசெய்யும் வகையில் எழுதத் தெரியாவிட்டால் சோதனை பாதியில் நிற்கிறது. கூடத்தில் செய்த பயிற்சிக்கே அறிக்கை எழுதிப் பழகுங்கள். ‘டெல்நெட் பாதுகாப்பற்றது’ என்ற வாக்கியம் யாருக்கும் உதவாது. இப்படி எழுதலாம்: “192.168.50.20 முகவரியில் 23ஆம் போர்ட்டில் டெல்நெட் சேவை இயங்குகிறது. உள்நுழையும்போது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறையாக்கமின்றிச் செல்வதைப் பாக்கெட் பதிவில் கண்டோம். பதிவின் 14:32 மணிப் பகுதியைப் பார்க்கவும். பாக்கெட்டுகளைப் பார்க்கும் இடத்தில் இருப்பவர் எவரும் இந்தக் கணினிக்குள் நுழைய முடியும். டெல்நெட்டை நிறுத்தி எஸ்எஸ்எச்சுக்கு மாற வேண்டும். மாறிய பின் 23ஆம் போர்ட்டை மீண்டும் ஸ்கேன் செய்து மூடியிருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.” எங்கே, என்ன, எப்படித் தெரியும், விளைவு என்ன, தீர்வு என்ன, தீர்ந்ததை எப்படி அறிவது என்ற அத்தனையும் இதில் இருக்கின்றன. 14:32 என்ற அந்த நேரம் பயனுள்ளதாக இருப்பது, தொடங்குமுன் கடிகாரத்தைத் திருத்தியிருந்தால் மட்டுமே.

உங்கள் கூடத்துக்கு வெளியே, தேடாமலேயே, ஒரு நிறுவனத்தின் ஓட்டை கண்ணில் பட்டுவிட்டால், அதை மேலும் நோண்டாமல் நிறுத்திவிட்டுத் தெரிவியுங்கள். பல தளங்கள் ‘செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி’ என்ற கோப்பில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்திருக்கும். 2022இல் அதன் வடிவத்தை வரையறுக்கும் ஆவணமும் வந்துவிட்டது. பரிசு தரும் திட்டங்கள் இருந்தால், அவற்றின் எல்லைப் பட்டியலை வாசிக்காமல் ஒரு பாக்கெட்டும் அனுப்பாதீர்கள்.

முடித்துவிட்டுக் கழற்றுவது

சோதனை முடிந்ததும் பாக்கெட் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். வீட்டு வலையமைப்பில் எடுத்தவையாக இருந்தால், பிறருடைய சாதனங்கள் யாரோடு பேசின என்ற விவரம் அவற்றில் இருக்கும். அறிக்கைக்குத் தேவையான பகுதியை மட்டும் மறையாக்கம் செய்து வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். கார்டை மீண்டும் தொடக்க நிலைக்கு எழுதுங்கள். மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளை அணையுங்கள்.

கடைசியாக, பையைக் கழற்றி எடுத்துவிடுங்கள். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் வலையமைப்புக்குள் ஊடுருவியவர்கள் குறிவைத்தது, அனுமதியின்றி அங்கே இணைக்கப்பட்டிருந்த ஒரு ராஸ்பெர்ரி பையை. அது அங்கே இருப்பது வலையமைப்பைக் காப்பவர்களின் பட்டியலில் இல்லை. 23 கோப்புகளிலிருந்து ஏறக்குறைய 500 எம்பி தரவு போனது. 2018 ஏப்ரலில் தெரியவரும்வரை ஊடுருவல் ஏறத்தாழப் பத்து மாதங்கள் கண்டறியப்படாமல் இருந்தது. 2019 ஜூனில் வந்த நாசா தலைமை ஆய்வாளர் அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. உங்கள் பையை ரூட்டரிலிருந்து கழற்றிய பிறகு, முதல் நாள் சாதனங்களை எழுதிய தாளை எடுத்து, அதில் பை என்று எழுதிய வரியை அடித்துவிடுங்கள்.